ரோட்டரி எஞ்சின் கட்டக் கொடுத்த பட்டறை: நல்லதும் குறையும்

மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் காரான ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு அதை ஓட்டுவதும் பராமரிப்பதும் கூடப் பெரிய வேலை இல்லை. எஞ்சினைப் பிரித்துக் கட்டத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. என் வண்டியின் எஞ்சின் இப்போது மறுபடி கட்டப்பட்டு, ரன்னிங்-இன் (புது எஞ்சினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) முடிந்து, தினமும் ஓடுகிறது. வேலை செய்த பட்டறையைப் பற்றிச் சொல்ல நிறைய நல்லது இருக்கிறது, குறையும் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. அவரே வேண்டாம் என்றார்: "இருக்குற வண்டியவே முடிக்க முடியல சார், நீங்க வேற எழுதிப் போட்டுடாதீங்க." அதனால் பட்டறை எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே மாதிரி வேலை செய்யும் ஆள் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வண்டிக்கு வந்த நோய் ரோட்டரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சூடாக ஓடி வந்து அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் அறைக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை. ஆனால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டுமே, அங்கேதான் பல பட்டறைகளின் சாயம் வெளுக்கிறது.

முதலில் போன இடத்தில் சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜைப் பிளக் துளையில் சொருகி, ஒரு எண்ணைப் படித்து, "கம்ப்ரஷன் சூப்பரா இருக்கு" என்றார்கள். இந்த எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் சுற்றுவதுதான் ரோட்டர், அதற்கு மூன்று முகம் உண்டு. ஒவ்வொரு முகமும் அந்தத் துளையை மாறி மாறிக் கடக்கும். சாதாரண கேஜ் மூன்றில் பெரிய அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் காட்டும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் முள் நல்ல எண்ணில்தான் நிற்கும். மூன்று முகத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்கிற ரோட்டரி டெஸ்டர் வேண்டும், கூடவே ஸ்டார்ட்டர் என்ன வேகத்தில் சுற்றியது என்பதும் வேண்டும். பேட்டரி பலமாக இருந்து வேகமாகச் சுற்றினால் எண் ஏறும், தளர்ந்த பேட்டரியில் இறங்கும். அதனால் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 250 சுற்றுக்குச் சரிசெய்து பார்ப்பதுதான் முறை.

இன்னொரு இடத்தில் வண்டியைப் பார்க்காமலேயே போனில் முழு வேலைக்கும் தொகை சொன்னார்கள். "புது சீல் செட் போட்டா போதும் சார், உள்ளே மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்." எப்படித் தெரியும் என்று கேட்டேன். அனுபவம் என்றார். தணிக்கை என் பிழைப்பு. ரசீது இல்லாத செலவையே ஒத்துக்கொள்ளாதவன், அளவு இல்லாத அனுபவத்தை எங்கே ஒத்துக்கொள்வது?

இந்தப் பட்டறைக்காரர் முதல் போனிலேயே வேறு மாதிரிப் பேசினார். தொகை கேட்டதற்கு, "தொறந்து பாக்காம சொன்னா அது பொய் சார்" என்றார். அப்புறம் அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார். காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) எப்போது மாற்றினீர்கள், ஆயில் எவ்வளவு குடிக்கிறது, கூலன்ட் குறைகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வருகிறதா. கடைசி இரண்டும் ஹவுசிங்குகளுக்கு (ரோட்டர் சுற்றும் அறையின் உறைகளுக்கு) இடையே இருக்கும் தண்ணீர் ஓ-ரிங் போயிருக்கிறதா என்று அறிய. எனக்கு அது இல்லை. கேள்வி கேட்கிற மெக்கானிக்கைப் பார்த்தாலே பாதி நிம்மதி.

வண்டியைக் கொண்டுபோனதும் டெஸ்ட் எடுத்து எண்களை எழுதிக் கையில் கொடுத்தார். இந்த எஞ்சினுக்கு மாஸ்டா சொல்லும் அளவு 830 கிலோபாஸ்கல். 680-க்குக் கீழே போனால் ஓவர்ஹால், அதாவது பிரித்துக் கட்ட வேண்டியதுதான். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக் கூடாது. என் முன் ரோட்டர் 640, 655, 630. பின் ரோட்டர் 590, 610, 440. அந்த 440-ஐப் பார்த்ததும் எனக்கே விஷயம் புரிந்துவிட்டது.

எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் நாளில் வரச் சொன்னார், போனேன். இந்த வகை எஞ்சினில் வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது, கேம் கிடையாது. இரும்புப் பக்கத் தட்டு, அலுமினிய ஹவுசிங், மறுபடி தட்டு என்று அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். போல்ட்டைக் கழற்றினால் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வரும். எட்டு என்ற எண்ணைக் கொஞ்சம் கொழுக்கவைத்தது போன்ற அறைக்குள் முக்கோண ரோட்டர் உருண்டு வருகிறது. அதன் மூன்று முனையிலும் அழுத்தம் கசியாமல் அடைக்கிற மெல்லிய பட்டைதான் அபெக்ஸ் சீல். இந்தத் தொழிலின் சரித்திரமே அந்தப் பட்டையைச் சுற்றித்தான். ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் 1967-ல் கொண்டுவந்த ரோ 80 காரில் இந்த சீல்கள் தேய்ந்து, வாரன்டியில் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுத்தே அந்த நிறுவனம் தளர்ந்தது. 1969-ல் ஃபோக்ஸ்வேகன் கைக்குப் போனது. மாஸ்டாக்காரர்களும் ஆரம்பத்தில் ஹவுசிங்கின் உள்சுவரில் வரிவரியாக விழுந்த கீறலைப் பார்த்து, சைத்தானின் நகக்கீறல் என்று பெயர் வைத்து, அதைத் தீர்க்க வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

என் ஹவுசிங்கில் அந்தக் கீறல் இல்லை. ஆனால் பின் ஹவுசிங்கின் ஓரத்தில் குரோம் பூச்சு உரிந்திருந்தது. விரல் நகத்தால் தடவச் சொன்னார். நகம் தட்டியது. பிஸ்டன் எஞ்சினாக இருந்தால் சிலிண்டரைப் போர் செய்து பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். இங்கே அது நடக்காது; குரோம் போனால் ஹவுசிங்கே போனது. "இதத் தொடச்சிட்டு, புது சீல் போட்டு மூடிடலாம். நீங்க எடுத்துட்டுப் போறப்ப நல்லாத்தான் இருக்கும். அந்த ஓரம் புது சீலத் தின்னுடும்" என்றார். மற்ற ஹவுசிங் நன்றாக இருந்தது, அதைத் திரும்ப உபயோகித்தார். பக்கத் தட்டுகளையும் அளந்தார். சீல் ஓடி ஓடி விழுந்த படி 0.10 மில்லிமீட்டரைத் தாண்டினால் தட்டு ஆகாது. பின் தட்டு தாண்டியிருந்தது. அதைத் தேய்த்துச் சமப்படுத்துகிறவர்கள் உண்டு, ஆனால் நைட்ரைட் செய்து கடினமாக்கிய மேல்தோலும் சேர்ந்து போய்விடும் என்று புதிதே போட்டார். ஒவ்வொன்றையும் அளந்த பிறகே தொகை சொன்னார். கடைசி பில்லும் அதே தொகைதான்.

இத்தோடு விட்டிருந்தாலே நல்ல பட்டறை என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரையும் கழற்றி வரச் செய்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சமே வரவில்லை. உள்ளே இருக்கிற சல்லடை உருகிக் கட்டியாகிவிட்டது. காரணம் காயில். எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் ஊர் பேர் தெரியாத காயில்களை வாங்கிப் போட்டிருந்தார். பின் ரோட்டரின் காயில் தளர்ந்து, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் போய் எரிந்து, கன்வர்ட்டரை உருக்கிவிட்டது. வழி அடைபட்ட சூடு திரும்ப எஞ்சினையே வேகவைத்தது. ஆர்எக்ஸ்-8-ல் இருக்கிற இந்த ரெனிசிஸ் வகை எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வாய்) பக்கத் தட்டில் இருப்பதால் அந்தச் சூட்டையும் கரியையும் முதலில் வாங்குவது ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல்கள். என் பின் ரோட்டரில் அவை கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி எழும்ப வேண்டியவை அசையவே இல்லை. இதைக் கண்டுபிடிக்காமல் எஞ்சினை மட்டும் கட்டியிருந்தால் புது எஞ்சினும் அதே வழியில்தான் போயிருக்கும். எஞ்சின் கட்டக் கொடுக்கப் போகிறவர்கள், பழையது ஏன் செத்தது என்று அந்தப் பட்டறை கேட்கிறதா என்பதைக் கவனியுங்கள். என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கட்டும் வேலையில் நான் அசந்துபோனது சைடு சீல் பொருத்தியதைப் பார்த்துத்தான். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து மொத்தம் 12. புதிதாக வரும்போது கொஞ்சம் நீளமாக வரும். ஒவ்வொன்றையும் அது உட்காரப்போகிற பள்ளத்துக்கே அளந்து, முனையை அரத்தால் தேய்க்க வேண்டும். ரோட்டரின் முனையில் இருக்கும் கார்னர் சீலுக்கும் அதற்கும் நடுவே 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். தேய்ப்பார், வைப்பார், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் சொருகுவார், உதடு பிதுக்குவார், மறுபடி தேய்ப்பார். உதவிக்கு இருக்கிற தம்பி ஒரு தாளில் எந்த ரோட்டர், எந்த முகம், என்ன அளவு என்று எழுதிக்கொண்டே வந்தான். ஒன்று கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார், பேச்சே இல்லை.

எல்லாம் அடுக்கி முடித்ததும் ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவை டயல் கேஜில் காட்டினார். 0.04-க்கும் 0.07 மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும், 0.05 இருந்தது. முன்பக்க போல்ட்டை இறுக்கும்போது அங்கே இருக்கிற ஊசி பேரிங் நழுவி ஸ்பேசருக்கு நடுவே மாட்டிக்கொள்வது உண்டாம். கவனிக்காமல் இறுக்கினால் நசுங்கிவிடும், எஞ்சின் ஓடியபிறகுதான் தெரியும். ஒரு நிமிட வேலை இந்த அளவு. இதை எடுத்தீர்களா என்று கேட்டால் முழிக்கிற பட்டறைக்கு எஞ்சினைக் கொடுக்க வேண்டாம்.

குறைகளுக்கு வருகிறேன். சொன்ன தேதிக்கு முடிக்க மாட்டார். உதிரிபாகம் வரவில்லை என்பது பாதி உண்மை. ஒரே நேரத்தில் கைக்கு மீறி வண்டி எடுத்து வைத்திருப்பது மீதி உண்மை. போன் எடுக்க மாட்டார். போட்டோ அனுப்புங்கள் என்றால் "வந்து பாருங்க" என்பார். தூரத்தில் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. எஞ்சினுக்குள் காட்டிய கவனம் வெளியே இல்லை: ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்றைக் காணோம், அடிப்பக்கப் பிளாஸ்டிக் தட்டு சரியாக மாட்டாமல் வேகத்தில் படபடவென்று அடித்தது. சொன்னதும் மாட்டிக் கொடுத்தார், ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

வாரன்டி தருகிறார், ஆனால் நிபந்தனையோடு. ஹவுசிங்கில் சின்னதாக ஒரு வெப்பப் பொட்டு ஒட்டியிருக்கிறார். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் நடுப்பகுதி உருகிவிடும், உருகியிருந்தால் வாரன்டி இல்லை. நியாயம்தான். ரன்னிங்-இன் முடியும்வரை அழுத்தி ஓட்டக் கூடாது, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும், பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, புதியவற்றின் பாக எண்களோடு பில்லையும் வைத்துக் கொடுத்தார். இத்தனை வருடத் தணிக்கையில் இவ்வளவு சுத்தமான பில்லை அடிக்கடி பார்த்ததில்லை.

ரன்னிங்-இன் முடிந்து மறுபடி டெஸ்ட் எடுத்தபோது ஆறு முகமும் 790-க்கும் 815-க்கும் நடுவே நின்றன. சூடாக அணைத்துவிட்டுத் திருப்பினாலும் உடனே பிடிக்கிறது. ஆயில் குடிக்கிறது, ஆனால் அது ரோட்டரியின் சுபாவம். சீலுக்கு எண்ணெய் கொடுக்க எஞ்சினே அறைக்குள் ஆயிலைப் பீய்ச்சுகிறது, அது எரிந்துதான் போகும்.

மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 எஃப்டி கார் மாதிரி டர்போ வைத்த 13பி ரோட்டரி எஞ்சின் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு விஷயம். அவர் எஞ்சின் கட்டுவார், ட்யூனிங் (பெட்ரோல், தீப்பொறி அளவுகளைச் சரிசெய்வது) செய்ய மாட்டார். டர்போவில் டெட்டனேஷன் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் எவ்வளவு நன்றாகக் கட்டிய எஞ்சினிலும் அபெக்ஸ் சீல் உடையும், உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கிழிக்கும். அதனால் யார் ட்யூன் செய்யப் போகிறார் என்பதை எஞ்சினை இறக்குவதற்கு முன்பே முடிவுசெய்து, இருவரையும் ஒருமுறை பேசவைத்துவிடுங்கள். அவர் போன் எடுக்க மாட்டார் என்பதால் நேரில் அழைத்துக்கொண்டு போவது உத்தமம்.