டிஃபெண்டரைக் கழற்றிவிட்டு ஆன்டிவைரஸ் விற்ற கடை

திருப்பூர், பல்லடம் பக்கம் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடை பெயரைப் போடவில்லை, கேட்டு இன்பாக்ஸுக்கும் வராதீர்கள். அந்த ஒரு கடையை விட்டுவிட்டு அடுத்த தெருக் கடையில் இதேபோல ஏமாந்து வருவதில் என்ன இருக்கிறது? என்ன பண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

நான் சின்னதாக ஒரு பவர்டேபிள் யூனிட், அதாவது பனியன் துணி தைத்துக் கொடுக்கிற இடம், வைத்திருக்கிறேன், 18 தையல் மெஷின். லேப்டாப் 2019-இல் வாங்கியது, விண்டோஸ் 10 ஹோம் கம்பெனியிலேயே போட்டு வந்தது. டேலி, டெலிவரி சலான், ஜிஎஸ்டி, டெய்லர்களின் பீஸ் ரேட் கணக்கு எல்லாம் அதில்தான். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சம்பளமும் போனஸும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும், தென்மாவட்டத்து ஆட்கள் புதன்கிழமையே பையைக் கட்டி வைத்துவிட்டார்கள், வியாழன் காலையில் லேப்டாப் நீலத் திரையோடு நின்றுவிட்டது. அந்த நேரத்தில் கடைக்காரர் கிட்னியைக் கேட்டிருந்தாலும் எந்தப் பக்கத்துக் கிட்னி என்றுதான் கேட்டிருப்பேன்.

அந்த வாரம்தான், 14-ஆம் தேதியோடு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்தியிருந்தது. கடைத் தம்பிக்கு அது நல்ல தோதாகப் போய்விட்டது. “10 முடிஞ்சு போச்சுங்ணா, 11 போட்டுருவோம். 700 ரூபாய் ஆகுமுங்க” என்றார். சரி என்றேன். சாயங்காலமே கையில் கொடுத்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது, டேலி டேட்டாவும் பத்திரமாக இருந்தது. கொடுக்கும்போதுதான் கேட்டேன், “ஏனுங்க தம்பி, முன்னாடி இதுல டிஃபெண்டருன்னு ஒண்ணு, கேடயம் மாதிரி படம் இருக்குமே, அதைக் காணோம்?”

“அது 11-ல வராதுங்ணா. வெளிய ஆன்டிவைரஸ் வாங்கித்தான் போடோணும்.”

சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினார். விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடி அழுத்தினால், இந்த லிங்க்கைத் திறக்க உங்களுக்குப் புதிய ஆப் வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம்? 1,100 ரூபாய் கொடுத்து ஒரு வருட ஆன்டிவைரஸும் போட்டுக்கொண்டேன். டப்பாவைக் கேட்டதற்கு, “கீ நம்பர் மட்டும்தாங்க, டப்பாவெல்லாம் இப்ப வர்றதில்ல.” பில்லும் கிடையாது. மொத்தம் 1,800.

அவர் சொன்னது பச்சைப் பொய். 2012-இல் வந்த விண்டோஸ் 8-லிருந்தே டிஃபெண்டர் என்கிற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே சேர்ந்து வருகிறது, 11-லும் இருக்கிறது, தனியாக ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அன்றைக்கு இது தெரியாது.

பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில், உங்கள் லைசென்ஸ் 9 நாளில் முடிகிறது என்று மூலையில் ஒரு அறிவிப்பு. ஒரு வருடம் என்று வாங்கியது மூன்று மாதத்தில் எப்படி முடியும் என்று ஃபோன் போட்டால், “அது சர்வர் பிரச்சினைங்ணா, 600 குடுங்க, ரினீவல் போட்டுரலாம்” என்கிறார். கோபத்தில் விட்டுவிட்டேன். லைசென்ஸ் முடிந்து பத்து நாள் இருக்கும், ராத்திரி 2 மணிக்கு என் மெயிலில் வேறு ஏதோ ஊரிலிருந்து யாரோ நுழைந்ததாக எச்சரிக்கை. காலையில் பார்த்தால் சரக்கு வாங்குகிற பையருக்கு அனுப்பிய கொட்டேஷன் மெயில்கள் எல்லாம் திறந்து படிக்கப்பட்டிருந்தன. பணம் போகவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அக்கா பையன் கோயமுத்தூரில், சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தவன் கேட்ட முதல் கேள்வி, “மாமா, இது ஹோம் லேப்டாப்புங்களே, புரோ எப்படி வந்துச்சு?” ஹோம், புரோ இரண்டும் விண்டோஸின் வேறு வேறு பதிப்புகள். ஸ்டார்ட்டில் வின்வர் (winver) என்று அடித்தால் எந்தப் பதிப்பு என்று காட்டும், அதில் புரோ என்று இருந்தது. அடுத்து கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, ஸ்லாஷ், எக்ஸ்பிஆர் என்று அடித்தான். ஒழுங்கான லேப்டாப் என்றால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வர வேண்டுமாம். எனக்கு ஒரு தேதி வந்தது. பெரிய கம்பெனிகளுக்கென்று கேஎம்எஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதில் ஒரு தடவை ஆக்டிவேட் செய்தால் 180 நாள் தாங்கும், பிறகு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் போலியாக நடிக்க வைக்கிற ஒரு கள்ள புரோகிராம் என் லேப்டாப்பில், குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலரில் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இதில் எனக்கு வயிறெரிந்த இடம் என்னவென்றால், லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம், அந்தக் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. ஹோம் போட்டிருந்தால் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும். சொந்த வீட்டுக்காரனை வாடகைக்குக் குடிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

சரி, டிஃபெண்டர் எங்கே? விண்டோஸுக்குப் பின்னால் ஓடுகிற வேலைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலைத் திறந்தான். நல்ல விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் சர்வீஸ் என்று ஒரு வரி இருக்கும், ஓடாவிட்டாலும் பெயராவது இருக்கும். எனக்குப் பெயரே இல்லை. வேகமாக ஓடும் என்று சொல்லி, பாதி உறுப்பை வெட்டி எடுத்த லைட் விண்டோஸ் என்று நெட்டில் கிடைக்கிறது, அதைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு வருகிற லேப்டாப்புக்கெல்லாம் போடுகிறார்கள். கள்ள ஆக்டிவேட்டரைக் கண்டால் டிஃபெண்டர் பிடித்துக்கொடுத்துவிடும், அதனால் டிஃபெண்டர் இல்லாத விண்டோஸ் அவர்களுக்குத் தேவை. அப்புறம் டிஃபெண்டர் இல்லையே என்று நம்மிடம் ஆன்டிவைரஸும் விற்றுக்கொள்ளலாம்.

உங்களுக்கும் டிஃபெண்டர் தகராறு செய்தால் உடனே கடைக்காரர் சட்டையைப் பிடித்துவிடாதீர்கள், வேறு காரணங்களும் உண்டு. வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது முறைதான். அதை எடுத்த பிறகும் டிஃபெண்டர் எழாவிட்டால் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தந்த ஆன்டிவைரஸ் கம்பெனியே அதைச் சுத்தமாக நீக்க ஒரு டூல் தருகிறது, ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எனக்கு வந்த அந்தப் ‘புதிய ஆப் வேண்டும்’ பெட்டி நல்ல விண்டோஸிலும் சில சமயம் வரும், ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி மேல் ரைட் கிளிக் செய்து ஆப் செட்டிங்ஸ் போய் முதலில் ரிப்பேர், சரியாகாவிட்டால் ரீசெட். தேதி 2019, 2020 என்று பின்னால் போய் நின்றால் போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், தேதி தப்பாக இருந்தால் அப்டேட்டும் இறங்காமல் மக்கர் செய்யும். உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்று வந்தால், செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப்பா, பழைய கம்பெனிக் கணக்கு அதில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஃபெண்டர் பச்சை டிக்கோடு இருக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷனுக்குள் மேனேஜ் செட்டிங்ஸ், அதில் கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிட வேண்டிய இடங்களின் பட்டியல். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. சிலர் மொத்த சி டிரைவையே அதில் எழுதி வைத்துவிடுகிறார்கள், வாட்ச்மேனை வேலைக்கு வைத்து வாசல் பக்கம் பார்க்காதே என்று சொல்வதுபோல.

எனக்கு ரிப்பேர் எதுவும் பலிக்கவில்லை, இல்லாத சாமானை எப்படி ரிப்பேர் செய்வது? டேலி பேக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தோம். அவனுடைய லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூல் இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றினான். செலவு பூஜ்யம். போட்டு முடித்து நெட் கொடுத்ததும் ஹோம் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது, கேடயமும் வந்து உட்கார்ந்தது. விண்டோஸ் அப்டேட் முழுவதும் இறக்கி, வேறு புரோகிராம் எதுவும் டிஃபெண்டரை அணைக்காமல் தடுக்கிற டேம்பர் ப்ரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே வைரஸ் தேடுகிற ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டி, அதற்கப்புறம்தான் பேக்கப் பென் டிரைவைச் செருக விட்டான். அதில் ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு ட்ரோஜன் வைரஸை டிஃபெண்டரே பிடித்தது. மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் ஃபோனில் மாற்றி, மெயிலில் எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு என்று கொடுத்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். சத்தமெல்லாம் போடவில்லை. “நீங்க குடுக்கிற 700-க்கு ஒரிஜினல் விண்டோஸ் வருமாங்ணா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரிஜினல் என்னிடமே இருந்ததே, அதை அழித்துவிட்டு இதை ஏன் போட்டீர்கள் என்றதற்குப் பதிலில்லை. பில் கேட்டேன், அதுவும் இல்லை. 300 ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார், நான் தொடவில்லை. பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபேயில் கொடுத்ததால் அந்த 1,800-க்குச் சாட்சி இருக்கிறது, கேஷாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

ஆன்டிவைரஸ் ஏன் மூன்று மாதத்தில் முடிந்தது என்பதும் போன வாரம் தெரிந்துவிட்டது. எதிர் வரிசையில் அயர்னிங் யூனிட் வைத்திருக்கிற அண்ணன் டீக்கடையில் இதே புலம்பல் புலம்பினார், அதே கடை, அதே ஆன்டிவைரஸ். அவர் போன வருடம் பிப்ரவரியில் வாங்கியிருக்கிறார். அவருக்கு முடிந்த தேதியும் எனக்கு முடிந்த தேதியும் ஒன்று. மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரு கீ என்று வருகிறதல்லவா, முதல் ஆள் போட்ட நாளிலிருந்து வருடத்தைக் கணக்கெடுக்கும், அதை ஆளுக்கு 1,100 என்று பிரித்து விற்றிருக்கிறார். அவருடைய லேப்டாப்பிலும் சர்வீசஸ் பட்டியலைப் பார்த்தேன், டிஃபெண்டர் பெயர் இல்லை. மூன்றாவது ஆள் யாரென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போன வருடம் பல்லடம் ரோட்டுப் பக்கம் விண்டோஸ் மாற்றி, டப்பா இல்லாமல் கீ மட்டும் வாங்கியவர் யாராவது இருந்தால், இன்றைக்கே லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்.