முன்வரிசையில் மூவர்: ஜார்ஜியாவின் 3-4, அயோவா ஸ்டேட்டின் 3-3-5

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஜார்ஜியா, அயோவா ஸ்டேட் ஆகிய இரு பல்கலைக்கழக அணிகளும் தற்காப்பு முன்வரிசையில் மூவரையே நிறுத்தின. 3-4 என்றால் அந்த மூவருக்குப் பின்னால் லைன்பேக்கர்கள் (இரண்டாம் வரிசைத் தற்காப்பாளர்கள்) நால்வர்; 3-3-5 என்றால் லைன்பேக்கர்கள் மூவர், அவர்களுக்கும் பின்னால் எறிதலைக் காக்கும் பின்வரிசையினர் ஐவர். ஆனால் அதற்கான காரணங்கள் நேரெதிரானவை.

2021இல் ஜார்ஜியாவின் 3-4 அமைப்புக்கு அச்சாணி, ஏறத்தாழ 155 கிலோ எடையுள்ள நோஸ் டேக்கிள் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) ஜோர்டன் டேவிஸ். பந்து நகர்ந்த கணத்தில் எதிரணியின் நடுத் தடுப்பாளரான சென்டரும் அவருக்கு அருகில் நிற்கும் கார்டும் சேர்ந்து அவரைத் தள்ள வேண்டியிருந்ததால், பின்னால் நின்ற லைன்பேக்கர்கள் தடுப்பாரின்றி ஓடிவந்து பந்தைச் சுமப்பவரை வீழ்த்தினர். அந்தத் தற்காப்பிலிருந்து ஐவர் 2022 என்எஃப்எல் டிராஃப்டின் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றிலேயே தேர்வானார்கள் என்பதால், உத்தியின் பெருமையில் பாதியை ஆள்சேர்ப்புக்குக் கொடுத்துவிடலாம்.

அயோவா ஸ்டேட்டுக்கு அத்தகைய மலைகள் எளிதில் கிடைப்பதில்லை. எனவே 2017இல் அதன் தற்காப்புப் பயிற்சியாளர் ஜான் ஹீகாக், இல்லாத நான்காவது முன்வரிசைக்காரரைத் தேடாமல், மூன்றாவது சேஃப்டியை (பின்வரிசைக் காவலரை) நடுவில் ஆழமாக நிறுத்தினார். பந்து வீசப்பட்டால் அவர் நடுக்களத்தைக் காப்பார், ஓட்டமானால் பாய்ந்து இறங்குவார். எறிதலை நம்பிய, அயோவா ஸ்டேட் ஆடும் பிக் 12 லீக்கின் அணிகளுக்கு இது தலைவலியானது. அந்த அக்டோபரில் நாட்டின் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை, அதன் சொந்த மைதானத்திலேயே 38-31 என வென்றார்கள். (31 புள்ளிகள் விட்டுக்கொடுத்ததும் உண்மைதான்.)

டேவிஸ் போன்றவர் இல்லாத அணி 3-4ஐ நகலெடுத்தால், எதிரணியின் தடுப்பாளர்கள் நேராக லைன்பேக்கர்மீது ஏறிவிடுவார்கள். அத்தகைய அணிக்கு என் தேர்வு 3-3-5தான். அதற்கும் ஓடி வந்து தயங்காமல் மோதும் சேஃப்டி ஒருவர் கட்டாயம் வேண்டும்.