காலியா குதிரை, லோடு ஏத்துனா கழுதை: எங்க வண்டிய சரி பண்ணுன பம்ப் கடை

நம்முளுது பழைய டாட்டா 1613ங்க, ஆறு சக்கரம். உள்ள இருந்தது 697 என்ஜின், ஆறு சிலிண்டர் 97 மில்லி போர் (சிலிண்டரோட உள் அகலம்) அதான் அந்த நம்பரு, ரொம்ப நாள் ஒழைச்சுது பாவம், கடைசில பிளாக்கே விரிசல் உட்டுருச்சு. அதை கட்டற காசுக்கு வேற என்ஜினே ஏத்திரலாம்னு செகண்ட்ஸ்ல கம்மின்ஸ் 6பிடி ஒண்ணு வாங்கி எறக்குனோம். 5.9 லிட்டர், டர்போ, பழசுக்கு இது எச்சு பவர்னு எல்லாருஞ் சொன்னாங்க. ஆர்சில என்ஜின் நம்பர் மாத்தறதுக்கு அலைஞ்ச கதை தனி, அதை ஆரம்பிச்சா இந்த ரிவியூ முடியாது.

வண்டி காலியா போனா குதிரை மாதிரி போகுது. ராசிபுரத்துல ஜவ்வரிசி ஏத்திட்டு சேலம் தாண்டி தொப்பூர் ஏத்தம் புடிச்சா போச்சு, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் ஆர்பிஎம் அப்படியே எறங்கி எறங்கி ரெண்டாவது கியர்ல உருட்டிக்கிட்டு போகோணும், பின்னால வர்றவன் ஆரன் அடிச்சே சாகடிப்பான். இதுல ஒரு விசயம், பொகையே வரல. காத்து பத்தலைன்னா கருப்பா கக்கும், டீசல் பத்தலைன்னா பொகை இல்லாம சும்மா செத்துப்போகும், அது அப்ப எனக்கு தெரியல. அதோட டேங்க் பாதிக்கு கீழ எறங்குனா இன்னொரு கூத்து, டீ குடிக்க நிறுத்திட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுனா டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கும், கையால டீசல் ஏத்தற ஹேண்ட் பிரைமர அமுக்கி அமுக்கி கட்டை வெரலே வீங்கிப்போச்சு.

என்ஜின் மாட்டுன மெக்கானிக், சிலிண்டருக்கு டீசல் அடிக்கற பம்ப் போயிருச்சுன்னாரு. அவரு கை காட்டுன எடத்துல பம்பைக் கழட்டி, டீசல பீச்சற நாசில் ஆறும் மாத்தி, கேலிபிரேசன் (டீசல் அளவு சரி பண்றது) அது இதுன்னு 18,500 வாங்குனாங்க. மாட்டி ஓட்டுனா அதே தொப்பூர், அதே ரெண்டாவது கியர்.

அப்பறந்தான் ஒரு டிரைவரண்ணன் சொல்லி இங்க போனேன். நாமக்கல்ல இருந்து திருச்செங்கோடு போற ரோட்டுல இருக்குது, போர்டுல வெறும் டீசல் பம்ப், நாசில் சர்வீஸ்னு மட்டும் இருக்கும், தேடித்தான் புடிக்கோணும். ஓனருக்கு அறுவது வயசு இருக்கும், இன்னும் பாஷை மாறாம மைக்கோ பம்புன்னுதான் சொல்றாரு, அந்த கம்பெனி 2008லயே பாஷ்னு பேர மாத்தியாச்சு.

நான் போனதும் பம்பைக் கழட்டறதுக்கு ஆளக் கூப்புடுவாருன்னு பாத்தா, "சித்த இரு கண்ணு, பம்புக்கு டீசல் வருதான்னே பாக்காம பம்பைக் கழட்டி என்னத்துக்கு"ன்னாரு. அங்கியே எனக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு.

முதல்ல ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி கேபின் மேல வெச்சு, டேங்க்ல இருந்து வர்ற லைன கழட்டிட்டு இந்த கேன்ல இருந்து நேரா பீடு பம்புக்கு (டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சி பெரிய பம்புக்கு தள்ளற சின்ன பம்பு) டியூப் குடுத்தாரு. டியூப் கண்ணாடி மாதிரி தெரியற டியூப், உள்ள குமிழி வந்தா பளிச்சுன்னு தெரியும். கேன்ல ஓடறப்ப ஒரு குமிழி கூட இல்ல, மறுபடி டேங்க் லைன மாட்டுனா சோடா பாட்டில் மாதிரி வருது. டேங்க் பைப்ப வெளிய எடுத்து பாத்தா நடுவால மயிர் மாதிரி ஒரு விரிசல், டீசல் அதுக்கு மேல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, கீழ எறங்குனா டீசலுக்கு பதிலா காத்த உறிஞ்சும். பாதி டேங்க் கதை அதாங்க. பழைய என்ஜினுக்கு இருந்த சின்ன டீசல் ஓஸ் டியூபயே இதுக்கும் போட்டிருந்தாங்க, அதையும் பெருசா மாத்துனாரு.

ஆனா ஏத்தத்துல இழுக்காததுக்கு இது முழு காரணம் இல்லீங்க. கேன்ல ஓட்டறப்பவும் டீசல் பிரசர் காட்டற கேஜ மாட்டி ரேஸ் குடுத்து பாத்தாரு, முள்ளு அரை பாருக்கு மேல ஏறவே மாட்டேங்குது. அப்ப மிச்ச டீசல் டேங்குக்கு திரும்பி போற ரிட்டன் ஓஸ் டியூப ஒரு பிளையர்ல லேசா நசுக்கி புடிச்சாரு, அவ்வளவுதான், முள்ளு சர்ருன்னு ஏறுச்சு. "பீடு பம்பு நல்லா தள்ளுது சாமி, தள்ளறது பூராம் டேங்குக்கே திரும்பி ஓடுது"ன்னாரு.

பம்ப்ல ரிட்டன் போற எடத்துல இருக்கற போல்ட்டு சும்மா போல்ட்டு இல்லீங்க, அதுக்குள்ள ஸ்பிரிங் வெச்ச ஓவர்புளோ வால்வு இருக்கோணும். அதுதான் பம்புக்குள்ள பிரசர நிறுத்தும், மிச்சத்த மட்டும் டேங்குக்கு உடும். மாத்தி மாட்டறப்ப எவனோ அதை தொலைச்சுட்டு அதே சைசுல வெறும் பேஞ்சோ போல்ட்ட (உள்ள ஓட்டை மட்டும் இருக்கற போல்ட்டு) போட்டு முறுக்கியிருக்கான், வெளிய இருந்து பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குது. பிரசர் இல்லைன்னா வேகமா சுத்தறப்ப பம்புக்குள்ள டீசல அமுக்கி அனுப்பற பிளஞ்சருக்கு டீசல் ரொம்பறதுக்கு நேரம் பத்தாது. காலியா ஓட்டறப்ப தேவையே கம்மி அதனால தெரியல, லோடு ஏத்துனா குட்டு வெளிப்பட்டுருது. 18,500 வாங்குனவங்க பம்பை பெஞ்சுல அவங்க வால்வு போட்டு ஓட்டி பாத்திருப்பாங்க, அதுல எல்லாம் சரியாத்தான் காட்டியிருக்கும், அவங்களையும் என்ன சொல்றது. வண்டில ஒருக்கா கேஜ் மாட்டி பாத்திருக்கலாம்ல.

வால்வு, காப்பர் வாஷர், ஓசு, டேங்க் பைப் பத்த வெச்சது, கூலி எல்லாஞ் சேத்தி 3,400 ஆச்சு. இப்ப ரேஸ்ல ஒன்னரை பாருக்கு மேல நிக்குது, போன வாரம் அதே ஜவ்வரிசி லோடு, தொப்பூர்ல நாலாவதுலயே ஏறுச்சு, டிரைவரு போன் பண்ணி சிரிக்கறாரு.

கொறை இல்லாம இல்ல. காலைல எட்டு மணிக்கு போயி மத்தியானம் ரெண்டுக்குதான் நம்ம வண்டிகிட்ட வந்தாரு, வெயிலுக்கு ஒதுங்க ஒரு நெழல் கெடையாது, பெரிய வண்டி நிறுத்த எடம் பத்தாம ரோட்டோரமே நிக்கோணும். பில் கேட்டா துண்டு சீட்டுல எழுதி குடுக்கறாரு, கணக்கு வழக்கு பாக்கற ஓனருங்களுக்கு அது ஆகாது. போன் எடுக்கவே மாட்டாரு, கை பூரா டீசல்ங்கறாரு. அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். ஞாயித்துக்கெழமை கடை கெடையாதுங்க, நான் ஒருக்கா தெரியாம போயி பூட்டுன ஷட்டர பாத்துட்டு பக்கத்துல பரோட்டா தின்னுட்டு வந்தேன், பரோட்டா சுமார்தான்.