அளவுக் கோப்பையா, சமையலறைத் தராசா?

புதிய செய்முறைகளை முயன்று பார்க்கத் தொடங்கியவர்கள் பலர் இந்த இரண்டில் எதை வாங்குவதென்று தயங்குகிறார்கள்.

விலை: கோப்பை மலிவு. தராசு சற்றுக் கூடுதல்.

உழைப்பு: கோப்பைக்குப் பராமரிப்பே இல்லை. தராசுக்கு பேட்டரி மாற்ற வேண்டும்.

துல்லியம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். ஒரே கோப்பையில் மைதாவை லேசாகத் தூவி நிரப்பினால் சுமார் 120 கிராம். அமிழ்த்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். கேக் இறுகிப்போக அது போதும். புதிதாகச் சமைப்பவரோ தன் கைப்பக்குவத்தையே நொந்துகொள்கிறார், பாவம்!

வசதி: தராசில் பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே போகலாம். ஆனால் அரைத் தேக்கரண்டி உப்பைச் சாதாரணத் தராசு சரியாகக் காட்டாது.

சூப், காய்கறிச் சமையலுக்குக் கோப்பையே தாராளம். ரொட்டி, கேக் பக்கம் போகிறவர்கள் தயங்காமல் தராசை வாங்குங்கள். அளவுக் கரண்டிகளும் கூடவே இருக்கட்டும்.