கரையிலிருந்து கடல் தூண்டில்: முதல் செட்டுக்கு எது சரி?

கடையில் நுழைந்ததும் புதியவர் கை போவது இருப்பதிலேயே நீளமான ராடுக்குத்தான். நீளம் கூடினால் தூரம் கூடும், உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் தூரம் பெரிய விஷயமே இல்லை. அலை உடையும் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே பல இடங்களில் ஒரு பள்ளம் ஓடும். அங்கே மட்டும் தண்ணீர் கருத்துத் தெரியும், அலையும் சட்டென அடங்கும். அலை புரட்டிப்போடும் புழுவும் குட்டி நண்டும் அதில்தான் சேரும். மீனும் அங்கேதான் மேயும். அதனால் இரை சிக்கலில்லாமல் எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கும் என்று பார்த்துத்தான் நான் ஒவ்வொன்றையும் தேர்வு செய்வேன்.

12 அடி ராடு நரம்பை, அதாவது தூண்டில் நூலை, அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். ஆனால் எறியும் முறை கைவராதவருக்குத் தோள்வலிதான் மிச்சம். 7 அடி ராடில் நுரை நரம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். 10 அடி போதும். அதோடு நரம்பைச் சுற்றிவைக்க 4000 அல்லது 5000 அளவு ஸ்பின்னிங் ரீல், அவ்வளவே.

நரம்பில்தான் வாக்குவாதம் அதிகம். பல இழைகளைப் பின்னிச் செய்வது பிரெய்டு, ஒற்றை நைலான் இழை மோனோ. ஒரே பலத்துக்கு பிரெய்டு மோனோவைவிட மிக மெல்லியது, தூரம் போகும். இழுபடாது என்பதால் மீன் மூக்கால் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். ஆனால் எதிர்காற்றில் ரீலில் தளர்ந்து விழுந்த ஒரு சுற்று அடுத்த எறிதலில் முடிச்சாகிவிட்டால், அதைப் பிரிப்பதற்குள் வெறுத்துப்போகும். பெரும்பாலும் வெட்டித்தான் எறிய வேண்டும். மோனோ இழுபடும், மீன் தலையை உதறும்போது முள் பிய்ந்து வராமல் அந்த இழுவைதான் காப்பாற்றும். முடிச்சும் எளிது. முதல் ஆண்டுக்கு 0.35 மி.மீ. மோனோ போடுங்கள். எதைப் போட்டாலும் நுனியில் தடித்த தலைநரம்பு கட்டாயம்: எடைக்குக் கட்டும் ஈயத்தில் ஒவ்வொரு 30 கிராமுக்கும் சுமார் 5 கிலோ பலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எறியத் தயாராக நிற்கும்போது ரீலில் அந்தத் தலைநரம்பு சில சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எறியும் வேகத்தில் நரம்பு அறுந்து ஈயம் தோட்டா மாதிரி பறக்கும். பக்கத்தில் ஆள் நிற்கும் கரையில் இது விளையாட்டில்லை.

உருண்டை ஈயம் அலையோடு உருளும், பிரமிடு ஈயம் மணலில் குத்தி நிற்கும். மணல் கரைக்குப் பிரமிடுதான்.

முள்ளில் வளைமுள், அதாவது சர்க்கிள் ஹூக், என் ஓட்டு. சாதாரண ஜே முள்ளுக்குச் சரியான நேரத்தில் வெட்டி இழுக்கணும். வளைமுள்ளில் அப்படி வெட்டினால்தான் மீன் தப்பும். நரம்பு இறுகியதும் நிதானமாகச் சுற்றினால் வாயோரத்தில் தானாக மாட்டும். குட்டி மீனைத் திருப்பி விடுவதும் சுலபம். வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள்: 6ஐவிட 2 பெரியது, 1/0 அதைவிடப் பெரியது.

சரி, இரை. இறாலை வேண்டாமென்று சொல்லும் மீன் குறைவு. ஆனால் சதை மென்மை: பாதி எறிதலிலேயே கழன்றுவிடும், மீதியை நண்டு உரித்துவிடும். மத்தித் துண்டின் எண்ணெய் வாசம் பெரிய மீனை இழுக்கும். அதுவும் குழைந்துவிடும், மெல்லிய எலாஸ்டிக் நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். புழு அருமையான இரை, ஆனால் உயிரோடு வைத்திருப்பது தனி வேலை. கணவாய்தான் உழைப்பாளி. விரல் நீளத்துக்கு ஒல்லியாக நறுக்கி, ஒரு முனையில் இரண்டு தடவை குத்தி, மறுமுனையை ஆட விட்டால் எத்தனை எறிதலுக்கும் தாங்கும். வாசத்துக்கு அதன்மேல் ஒரு துணுக்கு இறாலைச் செருகுங்கள்.

உலோக லூருக்கு, அதாவது மீன்போல் மின்னும் போலி இரைக்கு, இரை தேடும் தொல்லை இல்லை, ஆனால் ஓயாமல் எறிந்து சுற்றிக்கொண்டே நடக்க வேண்டும். பறவைகள் குஞ்சு மீன்கள்மேல் பாய்வது தெரிந்தால் எடுங்கள், மற்ற நேரம் பையிலேயே இருக்கட்டும்.

இரை போட்டதும் வெறும் முள் திரும்பி வந்தால் இறாலை விட்டுக் கணவாய்க்கு மாறுங்கள். போட்ட இரை அப்படியே முழுசாக வந்துகொண்டிருந்தால் இரையை மாற்றிப் பயனில்லை. ஐம்பது அடி தள்ளிப்போய் அடுத்த பள்ளத்தில் போடுங்கள்.