கௌடியாலான்னு காசு வாங்கி, சிவ்புரியில் இறக்கிவிட்டாங்க

ரிஷிகேஷ்ல ராஃப்டிங் போகணும்னு இருக்கிறவங்க, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

நாங்க நாலு பேர். கர்நாடகாவில் தண்டேலி பக்கம் காளி ஆத்துல ரெண்டு தடவை துடுப்பு போட்டவங்க. அதனால கங்கையில் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரைக்கும், முழு 36 கிலோமீட்டரும் வேணும்னு கேட்டோம். எல்லாம் 'தி வால்'னு சொல்ற அந்த ஒரு இடத்துக்காகத்தான். ஆறு நேரா போய்ப் பாறையில் மோதித் திரும்பும், வேகத்துலயும் ஆபத்துலயும் நாலாம் கிரேடு. ராஃப்டைக் கவிழ்க்குறதுல பேர்போனது. தண்ணி ஜாஸ்தியா இருந்தா பல கைடுங்க ஆட்களை இறக்கி, கரையோரமா நடத்திக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கரையில நின்னு பார்த்தாக்கூட போதும்னுதான் போனோம்.

ரிஷிகேஷ் தபோவன்ல ராஃப்டிங் கடை வச்சிருந்தவர் ஆளுக்கு 2,500 ரூபாய்னார், கூட ஒரு சேஃப்டி கயாக், அதாவது தண்ணியில விழுந்தவங்களைப் பிடிக்கிற சின்னப் படகு, வரும்னார். மொத்தத்தையும் அங்கேயே ஜிபே பண்ணிட்டோம். புத்தி இருந்தா பாதியை ஆத்தங்கரையில் குடுத்திருக்கணும்.

ராஃப்டைத் தலையில் கட்டிக்கிட்டு ஜீப் பத்ரிநாத் ரோட்டுல கிளம்புச்சு. அரை மணி நேரத்துல நின்னுடுச்சு. பார்த்தா சிவ்புரி, பாதி தூரம்கூட வரலை. கேட்டா கைடு சொன்னான்: "டெஹ்ரி டேம் திறந்துட்டாங்க பையா, மேல எல்லாம் பந்த்."

லைஃப் ஜாக்கெட் குடுத்தாங்க. இடது பக்க பக்கிள் உடைஞ்சுபோய், அந்த இடத்துல நைலான் கயிறு முடிச்சு. தோள்பட்டையைப் பிடிச்சு மேல இழுத்தா காது வரைக்கும் ஏறுது. தண்ணியில விழுந்தா ஆள் ஒரு பக்கம், ஜாக்கெட் ஒரு பக்கம். "சல்தா ஹை", பரவாயில்லைன்னாங்க. ராஃப்ட்ல ஏறவே மாட்டேன்னு உட்கார்ந்த பிறகுதான் வேற ஒண்ணு வந்துச்சு. கயாக் எங்கேன்னு கேட்டா, முன்னாடி போயிடுச்சாம். கடைசி வரைக்கும் கண்ணுல படலை.

'ரோலர் கோஸ்டர்'னு சொல்ற அலைகள்ல நல்லா நனைஞ்சோம், பொய் சொல்லக் கூடாது. கைடு பையனும் கெட்டிக்காரன், ஒவ்வொரு அலைக்கும் சரியா குரல் குடுத்தான்.

வழியில கரையோரம் மேகி விக்கிற மேகி பாயின்ட்ல ராஃப்டைக் கட்டினப்போ பக்கத்துல ஒரு பெங்களூரு கோஷ்டி, தலை முதல் கால் வரைக்கும் ஈரம். எங்கிருந்து வர்றீங்கன்னு கேட்டேன். "கௌடியாலா. வால்ல எங்காள் ஒருத்தர் விழுந்துட்டார்." திரும்பிப் பார்த்தா, எங்க கைடு மேகி தட்டைவிட்டுத் தலை நிமிரலை.

நீங்க போனா, ஏறுற இடத்தோட பேரை வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க. ரோட்டுல மைல்கல்லைப் பார்த்துக்கிட்டே போங்க. எங்ககிட்ட 'ஃபுல் டிரிப்'னு ஒரு மெசேஜ் மட்டும்தான் இருந்துச்சு, வாதம் அதுலயே அடிபட்டுப் போச்சு. அப்புறம், ஜூலை ஆகஸ்ட்டுக்கு யாராவது புக்கிங் எடுத்தா நம்பாதீங்க, மழைக்காலத்துல அங்கே ராஃப்டிங்கையே நிறுத்திடுவாங்க.

சிவ்புரிக்கு அவங்க கடை போர்டுலயே 1,000 ரூபாய்தான் போட்டிருந்துச்சு. மீதி 6,000 ரூபாயைக் கேட்டோம். அதுக்குப் பதிலா வீடியோ ஃப்ரீன்னு கடைக்காரர் பெருந்தன்மையா அனுப்பி வச்சார். ரெண்டு நிமிஷ வீடியோ. அதுல ஒன்றரை நிமிஷம் வேற யாரோட ராஃப்ட்டோ.