சுறாவும் நீவாடும்: ஹாவ்லாக்கா, மாலத்தீவா?

மண்டபத்திலும் கீழக்கரையிலும் ஸ்கூபா பழகும் இளைஞர்கள் சுறாவைத் தேடி அந்தமான் போவதா, மாலத்தீவு போவதா என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். நம் தென்கடலான மன்னார் வளைகுடாவே போதாதா என்றால், போதாது. அதன் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், பெரும்பாலும் ஆழமில்லாதவை. 1986 முதல் அது தேசியப் பூங்கா என்பதால், வனத்துறை அனுமதியின்றி இறங்கவும் முடியாது. வடகடலான பாக் விரிகுடா அதைவிடக் கலங்கல். இரண்டும் பழகுவதற்கு ஏற்றவை, அவ்வளவே.

வாதம் எப்போதும் எங்கே சுறா அதிகம் என்பதில்தான் நிற்கிறது. நான் முதலில் பார்ப்பது கடலடிக் குன்றின் உச்சி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை.

அந்தமானின் ஹாவ்லாக் தீவையொட்டிய டிக்ஸன்ஸ் பினக்கிள் என்ற குன்றில் உச்சியே ஏறத்தாழ 18 மீட்டரில் இருக்கிறது. நம் கணக்கில் 10 பாகம். தொடக்கநிலைச் சான்றிதழின் எல்லையும் அதே 18 மீட்டர்தான். வெண்முனைச் சுறாக்கள் அடிக்கடி தென்படும், அங்குள்ள ஜானிஸ் கார்ஜ் என்ற இடம் இன்னும் கீழே, 30 மீட்டரை ஒட்டி. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றோடு 20 நிமிடம்தான் தங்கலாம். திரும்பும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். சுற்றிலும் நீலம், ஒதுங்கப் பாறை கிடையாது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், உடலைக் கொடிபோல் இழுத்துப் பிடிக்கிறது. முகத்தைத் திருப்பினால் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிகிறது. விட்ட குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடுகின்றன.

மாலத்தீவின் அரி பவளத்தீவுத் திட்டிலுள்ள மாயா திலா என்ற கடலடிக் குன்றின் உச்சி 6 மீட்டர் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று நிமிடத்தையும் பாரின் மறைவில் மீன் பார்த்தபடியே கழிக்கலாம். 2010இல் மாலத்தீவில் சுறாப் பிடிப்புக்குத் தடை விதித்தார்கள். இரவில் வெண்முனைச் சுறாக்கள் இரை தேடுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். செலவுதான் கையைக் கடிக்கும். நீவாடு அங்கும் சளைத்ததல்ல.

பணம் இருந்தால் முதலில் மாலத்தீவு என்பேன். மேல்நிலைச் சான்றிதழும் காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பழக்கமும் இருந்தால் ஹாவ்லாக். பாரை, சீலா மீன் கூட்டத்துக்காகவே டிக்ஸன்ஸுக்குப் போகலாம். அன்று சுறா வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

சங்கு குளிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மூச்சடக்கும் திறமையைக் கரையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 10 மீட்டரில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும்.

தேதி குறிக்கும்போது அமாவாசையையும் பௌர்ணமியையும் தவிருங்கள். ஏற்றமும் வற்றமும் பெரிதாகி நீவாடு மூர்க்கமாகும் நாட்கள் அவை. வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் ஒதுக்கிவைக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் அது தணியும். டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள். கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட்டுவையுங்கள்.